வெயிலில் காய்ந்த கிட்டார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, என் தந்தையார் 1970-களில் வாங்கி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்த கிட்டார், அவர் மறைந்த பிறகு மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையின் பரணில், துணி உறையோடு பல கோடைகள் கிடந்துவிட்டது. கம்பிகளைக்கூட யாரும் தளர்த்தவில்லை. இப்போது எடுத்துப் பார்த்தால் பிரிட்ஜுக்கு (முகப்பில் ஒட்டியுள்ள, கம்பிகள் பூட்டிய மரத்துண்டுக்கு) கீழிருந்து அடிவிளிம்பு வரை நேர்கோடாக ஒரு வெடிப்பு ஓடுகிறது; அதில் ஒரு தபால் அட்டையைச் செருகலாம். பிரிட்ஜின் பின்விளிம்பு பலகையை விட்டு எழும்பியிருக்கிறது. கழுத்தின் ஓரத்தைத் தடவினால், குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளின் முனைகள் கையைக் கீறுகின்றன. எங்கள் தெருவில் உள்ள தச்சர், வெடிப்பில் மக்கு அடைத்து வார்னிஷ் பூசித் தருவதாகச் சொல்கிறார். என் மகள் தாத்தாவின் கிட்டாரைத்தான் வாசிப்பேன் என்கிறாள். தச்சரிடம் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். அந்தத் தச்சர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். மேசையில் விழுந்த வெடிப்புக்கு அவர் சொல்லும் வைத்தியம் சரியாகவும் இருக்கும். ஆனால் கிட்டாரின் மேற்பலகை வெறும் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. அது அசைந்தால்தான் ஒலி பிறக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளில் வெடிப்பும் ஃபிரெட் முனைகளும் ஒரே காரணத்தால் வந்தவை, அதாவது மரம் தன் ஈரத்தை இழந்து சுருங்கிவிட்டது. இழந்த ஈரத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வெடிப்பை அடைப்பது, சுருங்கிய நிலையிலேயே மரத்தைப் பூட்டி வைப்பதற்குச் சமம்.

மரம் வெட்டிப் பதப்படுத்தி, கருவியாகச் செய்து, ஐம்பது ஆண்டுகள் ஆன பிறகும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கும்போது மரத்துக்குள் அதன் எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு நீர் இருக்கும். காற்று 20 விழுக்காட்டுக்கு வறண்டால் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். வெப்பம் இதில் இன்னொரு வேலையையும் செய்கிறது. அதிகாலையில் 25 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை ஒரு பரணுக்குள் அடைத்து வைத்து, அதிலிருந்து ஒரு சொட்டு நீரைக்கூட எடுக்காமல் 40 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 36 விழுக்காடாகக் குறைந்துவிடும், ஏனென்றால் சூடான காற்றுக்கு நீராவியைத் தாங்கும் கொள்ளளவு அதிகம். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கான்கிரீட் தளத்துக்குக் கீழே உள்ள பரண், இரவிலும் அந்தச் சூட்டை வைத்துக்கொண்டிருக்கும். உங்கள் தந்தையாரின் கிட்டார் ஆண்டுதோறும் அந்த உலர்த்தலுக்கு ஆளாகியிருக்கிறது.

மரம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ரேகை ஓடும் நீளவாக்கில் சுருக்கம் மிகமிகக் குறைவு. குறுக்குவாக்கில்தான் அது தெரியும். கிட்டார் முகப்புக்குப் பெரும்பாலும் பயன்படும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பலகை அடிப்பகுதியில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அதன் ஈரம் 9-லிருந்து 5 விழுக்காட்டுக்கு இறங்கினால், அகலத்தில் 2 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாகச் சுருங்க முற்படும். ஆனால் அந்தப் பலகையின் உட்புறத்தில் குறுக்கே ஒட்டப்பட்ட சட்டங்களும், மேலே குறுக்கே அமர்ந்த பிரிட்ஜும், தங்கள் நீளவாக்கில் சுருங்காதவை. பலகை சுருங்கப் பார்க்கிறது, அவை விட மறுக்கின்றன. அந்த இழுபறியில் பலகை தன் ரேகை வழியே பிளக்கிறது. விரல்பலகையின் இரு ஓரங்களிலும், பிரிட்ஜுக்குக் கீழேயும் இத்தகைய வெடிப்புகள் அடிக்கடி விழுவதற்கு இதுவே காரணம். ஃபிரெட் முனைகள் கையைக் கீறுவதும் உலோகம் வளர்ந்ததனால் அன்று. விரல்பலகை ஒடுங்கிவிட்டது, உலோகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

முதலில் மேற்பலகை முழு மரமா, ஒட்டுப்பலகையா என்று பாருங்கள். ஒலித்துளையின் விளிம்பில் வெளிச்சம் காட்டிப் பார்த்தால், மேலே தெரியும் ரேகைகள் அப்படியே மடிந்து விளிம்பின் குறுக்குவெட்டிலும் தொடர வேண்டும். அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை இப்படி நேர்கோட்டில் முழுவதுமாகப் பிளப்பது அரிது என்பதால், உங்களுடையது முழு மரமாக இருக்கும் என்றே எண்ணுகிறேன். அப்படியானால் அது பழுதுபார்க்கத் தகுதியான கருவி.

இன்றே செய்ய வேண்டியது கம்பிகளைத் தளர்த்துவது. ஆறு எஃகுக் கம்பிகளும் சுருதியில் நிற்கும்போது அவற்றின் மொத்த இழுவை ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமம். எழும்பிய பிரிட்ஜின் மேல் அந்தச் சுமை இனி ஒரு நாளும் இருக்கக் கூடாது. கம்பிகளை முழுவதும் கழற்றிவிடுவதுகூட நல்லது.

அடுத்து ஈரமூட்டல். விலை குறைந்த ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானியை வாங்குங்கள். அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். கிட்டாரை, மூடி இறுக்கமாகப் பொருந்தும் பெட்டியிலோ, பெட்டி இல்லையென்றால் மெத்தை சுற்றி வரும் அளவுள்ள பெரிய பிளாஸ்டிக் உறையிலோ வையுங்கள். துளையிட்ட இரண்டு சோப்புப் பெட்டிகளில், நனைத்து நன்றாகப் பிழிந்த பஞ்சை வைத்து, ஒன்றைத் தலைப்பக்கத்திலும் மற்றொன்றை இடுப்புப் பக்கத்திலும் வையுங்கள். மரத்தின் மேல் ஒரு துளி நீரும் படக் கூடாது. ஈரப்பதமானியும் உள்ளேயே இருக்கட்டும். பெட்டி, வீட்டின் குளிர்ச்சியான நடு அறையில், வெயில் படாத சுவரோரம் இருக்க வேண்டும். 50-லிருந்து 55 விழுக்காடு வரை காட்டினால் போதும். 60-ஐத் தாண்டினால் பஞ்சை எடுத்துவிட்டு உறையைச் சற்றுத் திறந்து வையுங்கள், இல்லையேல் பூஞ்சை பிடிக்கும். இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் வரை ஆகும். ஈரத் துணியைப் போர்த்துவது, நீராவி பிடிப்பது போன்ற குறுக்குவழிகள் வேண்டாம்; பூச்சு இல்லாத உட்புறம் சட்டென்று ஈரத்தைக் குடிக்கும், பூச்சுள்ள வெளிப்புறம் மெதுவாகக் குடிக்கும், அந்த வேற்றுமையில் பலகை வளைந்து உட்சட்டங்களின் ஒட்டு விடும்.

நாள்தோறும் அந்த வெடிப்பைப் பாருங்கள். தபால் அட்டை நுழைந்த இடத்தில் ஒரு வாரம் கழித்துச் செய்தித்தாள் மட்டுமே நுழையும். பிறகு அதுவும் நுழையாது. முழுவதும் மூடிக்கொள்ளும் வெடிப்புகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கு அது மகிழ்ச்சி தருகிறது. ஃபிரெட் முனைகளின் கீறலும் அதே நாட்களில் தானாகத் தணியும்.

மக்கு ஏன் கூடாது என்பதை என் தவற்றைக் கொண்டே சொல்கிறேன். தொழில் தொடங்கிய ஆண்டுகளில், மே மாதத்தில் வந்த ஒரு கிட்டாரின் வெடிப்பை, ஈரமூட்டாமல், மரத்தூளும் கெட்டிப் பசையும் கலந்து அடைத்து மெருகேற்றிக் கொடுத்தேன். பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஐப்பசி அடைமழையில் பலகை ஊறித் தன் பழைய அகலத்துக்குத் திரும்ப முயன்றபோது, நான் அடைத்த கெட்டிப்பொருள் இடம் கொடுக்கவில்லை. பலகை முகப்பில் புடைத்து, அடுத்த கோடையில் அந்த அடைப்புக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடித்தது. முதலில் ஒரு வெடிப்போடு வந்த கருவியை இரண்டு வெடிப்புகளோடு என்னிடம் திருப்பிக் கொண்டுவந்தார் அதன் உரிமையாளர். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அன்று முதல் ஈரமூட்டாத கருவியில் நான் பசை வைத்ததில்லை.

வெடிப்பு மூடிய பிறகு, கிட்டார் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். அவர் மெல்லிய பசையை வெடிப்பின் மேல் தடவி, உள்ளிருந்து பலகையை மெல்ல அழுத்தி அசைத்து, பசையை அடிவரை இறங்கச் செய்வார். பசை விஷயத்தில் என் விருப்பம் பழைய வச்சிரம்தான். தோலைக் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசையை நம் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தினார்கள். உலகின் பெயர்பெற்ற பழைய கிட்டார்களும் வயலின்களும் அதனால்தான் ஒட்டப்பட்டவை. அது கண்ணாடிபோல இறுகும், சுமையில் நழுவாது, பிற்காலத்தில் சூடும் ஈரமும் காட்டினால் பிரிந்து வரும். நல்ல மஞ்சள் மரப்பசையும் தவறில்லை. எப்பாக்ஸியை மட்டும் அனுமதிக்காதீர்கள். அது உள்ளே போய்விட்டால், இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து இந்தக் கிட்டாரைத் திறப்பவருக்கு வழி அடைபட்டுவிடும்.

ஒட்டினால் மட்டும் போதாது. வெடிப்பின் உட்புறத்தில், 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு ஸ்புரூஸ் சில்லுகளை ஒட்ட வேண்டும். சில்லுகளின் ரேகை வெடிப்புக்குக் குறுக்கே ஓட வேண்டும். வெடிப்போடு இணையாக ஓடினால் சில்லும் சேர்ந்து பிளக்கும். உள்ளே ஒரு காந்தமும் வெளியே ஒரு காந்தமும் வைத்து, காய்கிற வரை அவற்றைப் பிடித்து வைக்கும் முறை எளியது, நம்பகமானது. ஒருவேளை நான்கு வாரம் கடந்தும் வெடிப்பு மூடாவிட்டால், அதே வகை ஸ்புரூஸ் மரத்தில் சீவிய மெல்லிய மரக்கீற்றை அதில் பதிக்கலாம். மரத்துக்கு மரம்தான் துணை நிற்கும். அது பலகையோடு சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும்.

எழும்பிய பிரிட்ஜைப் பக்கவாட்டில் பசை விட்டு அழுத்தி ஒட்டுபவர்கள் உண்டு. பழைய பசையின் மேல் புதுப் பசை பெரும்பாலும் உறுதியாகப் பிடிக்காது. பாதிக்கு மேல் எழும்பியிருந்தால், அதைச் சூடு காட்டி முழுவதும் எடுத்து, இரு பரப்புகளிலும் உள்ள பழைய பசையைச் சுரண்டி, மரத்தோடு மரம் பொருந்துமாறு செய்து ஒட்ட வேண்டும். குறைந்தது ஒரு நாள் இறுக்கத்தில் வைத்து, மேலும் இரண்டு நாட்கள் கழித்தே கம்பி பூட்ட வேண்டும். பிரிட்ஜைத் துளைத்துப் போல்ட் போடுவதாக யாராவது சொன்னால், கருவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கழுத்தின் கோணத்தையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். நீண்ட எஃகு ஸ்கேலை ஃபிரெட்டுகளின் மேல் படுக்க வைத்துப் பிரிட்ஜ் வரை நீட்டினால், அதன் முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்மட்டத்தைத் தொட வேண்டும். அதைவிடக் கீழே முட்டினால் கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்தும் பெரிய வேலை தேவைப்படும். இந்தச் சோதனையையும் ஈரமூட்டிய பிறகே செய்ய வேண்டும். காய்ந்து குழிந்த பலகையின் மேல் எடுக்கும் அளவு பொய் சொல்லும். எல்லாம் முடிந்த பின், அப்போதும் ஃபிரெட் முனை ஏதேனும் நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் அரம் போடலாம்.

உங்கள் மகளுக்கு முதல் ஓராண்டு மெல்லிய கம்பிகளைப் பூட்டுங்கள். அவளுடைய விரலுக்கும் எளிது, தாத்தாவின் கிட்டாருக்கும் எளிது. ஒட்டிய கோடு பார்வைக்குத் தெரியத்தான் செய்யும். அதை மறைப்பதற்காக முகப்பு முழுவதையும் சுரண்டிப் புதிதாக வார்னிஷ் அடிக்க வேண்டாம். இருபது ஆண்டுகள் அவர் கை உராய்ந்த தேய்மானமும் அதோடு போய்விடும்.

கேள்வி: ரியாத்தில் வேலை செய்கிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த கிட்டார், ஆறு மாதத்தில் கம்பிகள் தாழ்ந்து ஃபிரெட்டில் உரசி இரைகிறது. வெயிலில் வைத்ததே இல்லை, எந்நேரமும் ஏசி அறையில்தான் இருக்கிறது. பிறகு ஏன் இப்படி? பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டையான சாடிலை உயர்த்திவிடலாமா?
– ஒரு வாசகர், ரியாத்

பதில்: பாலைவனத்தின் நடுவே இருக்கும் ரியாத்தின் காற்று ஏற்கெனவே வறண்டது. ஏசி அதிலிருக்கும் கொஞ்ச ஈரத்தையும் குளிர்ந்த குழாயில் நீராக்கி வெளியே சொட்டவிடுகிறது. ஆகவே வெயிலே படாமலும் உங்கள் கிட்டார் உலர்ந்திருக்கிறது. நல்ல நிலையில் உள்ள மேற்பலகை மிக லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும்; உலரும்போது அந்த வளைவு தட்டையாகி, பிறகு குழியும். பிரிட்ஜும் அதோடு இறங்கும், கம்பிகளும் இறங்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்திப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பலகை குழிந்துவிட்டது என்று பொருள்.

வெடிப்பு விழும் முன்பே கருவி உங்களுக்குக் கொடுத்திருக்கும் எச்சரிக்கை இது. சாடிலை இப்போது உயர்த்தினால், இரைச்சல் மறையும், காரணம் மறையாது. வேலூர் வாசகிக்குச் சொன்னபடி பெட்டிக்குள் ஈரமூட்டுங்கள். வாசிக்காத நேரம் முழுவதும் கிட்டார் மூடிய பெட்டியில் இருக்கட்டும். சுவரில் மாட்டி வைக்கும் பழக்கத்தை அந்த ஊரில் கைவிட வேண்டும். ஈரம் சீரான பின்னும் கம்பி தாழ்வாகவே இருந்தால், சற்று உயரமான இன்னொரு சாடிலைச் செய்து வைத்துக்கொண்டு, வறண்ட பருவத்தில் மட்டும் மாற்றிப் பொருத்தலாம். இது பல வாசிப்பாளர்கள் கடைப்பிடிக்கும் முறை. விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுவரும்போது, வீடு வந்ததும் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். சில மணி நேரம் மூடியே இருந்து, உள்ளும் புறமும் மெதுவாகச் சமமாகட்டும்.

கேள்வி: காய்ந்து வெளிறிப்போன விரல்பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். தேங்காய் எண்ணெய் உலர்ந்து இறுகாத எண்ணெய். மரத்தின் மேல் ஈரப்பசையாகவே நின்று, தூசியையும் கை அழுக்கையும் பிடித்து வைக்கும், நாளடைவில் சிக்கு வாடையும் வரும். விரல்பலகைக்கென்றே விற்கப்படும் கனிம எண்ணெயை ஆண்டுக்கு ஓரிரு முறை, துணியில் சில துளிகள் விட்டுத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். அதுவும் பூச்சில்லாத ரோஸ்வுட், கருங்காலி விரல்பலகைகளுக்கு மட்டுமே. எண்ணெய் மரத்தின் நிறத்தை மீட்கும். இழந்த நீரை மீட்காது. வெடிப்பு இருக்கும் இடத்தில் எந்த எண்ணெயும் படக் கூடாது, ஏனென்றால் எண்ணெய் ஊறிய மரத்தில் பின்னர் பசை பிடிக்காது.

கேள்வி: சென்னையில் ஒரு நிகழ்ச்சிக்குப் போகும் வழியில், உணவு உண்பதற்காகக் காரை வெயிலில் நிறுத்திவிட்டுச் சென்றேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பிரிட்ஜ் முழுவதும் கழன்று கம்பியில் தொங்கியது. பெட்டியின் உட்துணியின் நெசவு, வார்னிஷில் அச்சாகப் பதிந்திருந்தது. வெறும் இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு நடக்குமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: நடக்கும். வேலூர் கிட்டாரை அழித்தது பல ஆண்டு வறட்சி. உங்களுடையதை அழித்தது நேரடிச் சூடு. வெளியே 40 டிகிரி இருக்கும் நாளில், கண்ணாடி மூடிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியையும் தாண்டும், கருநிறப் பெட்டி அதை மேலும் ஈர்க்கும். பெரும்பாலான மரப்பசைகள் 60 முதல் 70 டிகிரிக்குள் இளகத் தொடங்கிவிடுகின்றன; அப்போது கம்பிகளின் 70 கிலோ இழுவை மீதி வேலையை முடித்துவிடும். அரக்கிலிருந்து செய்யும் பிரெஞ்சு பாலிஷ் போன்ற பூச்சுகளும் அந்தச் சூட்டில் இளகும், அதனால்தான் துணியின் அச்சு விழுந்தது. நம் வீணைக்காரர்களுக்கு இது புதிதன்று. வீணையின் மெட்டுகள் மெழுகுக் கலவையில் பதிக்கப்பட்டிருப்பதால், வெயிலில் வைத்தால் மேளம், அதாவது மெட்டுகளின் அமைப்பு, கலைந்துவிடும் என்பதை அவர்கள் முதல் பாடத்தோடு கற்கிறார்கள்.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. பிரிட்ஜ் மர நார்களைப் பிய்த்துக்கொண்டு வராமல், பசை இளகி வழுக்கிக் கழன்றிருந்தால், அதைத் திரும்பப் பொருத்துவது சுத்தமான, எளிய வேலை. ஆனால் அதோடு நிறுத்திவிடாமல், கைபேசியை ஒளியோடு ஒலித்துளை வழியே உள்ளே விட்டுக் காணொளி எடுத்து, உட்சட்டங்களின் முனைகள் பலகையை விட்டு விலகியிருக்கின்றனவா என்று பாருங்கள். மேற்பலகையை விரல்கணுவால் ஆங்காங்கே தட்டும்போது எங்காவது படபடவென்று அதிர்ந்தால், அங்கே ஒரு சட்டம் விட்டிருக்கிறது. கழுத்தின் அடிக்கட்டிலும் முடி அளவு இடைவெளி ஏதேனும் தோன்றியிருக்கிறதா என்று பாருங்கள். துணி அச்சை இப்போது தேய்க்க வேண்டாம். பூச்சு மறுபடி இறுகக் குறைந்தது சில வாரங்கள் விட்டு, அதன் பிறகே மெருகூட்டுபவரிடம் காட்டுங்கள்.

இனி உணவகத்துக்குப் போனாலும் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டே போங்கள். பக்கத்து நாற்காலியில் அது இருக்கட்டும்.

கேள்வி: மழைக்காலத்தில் கிட்டார் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டேன். அவை எப்போதும் இருக்கலாமா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: கடலோர ஊரில் மார்கழி வரை இருக்கலாம். தை பிறந்ததும் எடுத்துவிடுங்கள். சிலிக்கா ஜெல்லுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. காற்றில் கிடைக்கும் ஈரத்தை, தான் நிறையும் வரை அது இழுத்துக்கொண்டே போகும், மூடிய பெட்டிக்குள் அடுத்து அது இழுப்பது மரத்தின் ஈரத்தைத்தான். பெட்டியில் ஓர் ஈரப்பதமானியை வைத்து, 60-க்கு மேல் காட்டும் நாட்களில் மட்டும் பொட்டலத்தைப் போட்டு, 50-க்கு வந்ததும் எடுத்துவிட்டால் கோடையைப் பற்றிய கவலை வேண்டாம்.